சிகரெட்டை விடுவதற்கு எந்த வழி? ஒரேயடியாகவா, குறைத்துக் குறைத்தா, கம்மா, பட்டையா, மாத்திரையா

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் போன் செய்தான். சுற்றி வளைக்காமல் கேட்டான்: “மாமா, சிகரெட்டை விட்டுடலாம்னு இருக்கேன். கொஞ்சம் கொஞ்சமா குறைக்கட்டுமா, ஒரேயடியா நிறுத்திடட்டுமா? இல்ல, அந்த நிகோடின் கம் வாங்கி மெல்லட்டுமா?”

அவன் என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. நான் 17 வருடம் புகைத்தவன். இரண்டு முறை விட முயன்று தோற்று, மூன்றாவது முறை விட்டவன். விட்டு ஏழு வருடம் ஆகிறது. பதில் சொல்வதற்கு முன் நான் அவனிடம் ஒன்று கேட்டேன்: “காலையில எழுந்து எவ்வளவு நேரத்துல முதல் சிகரெட்டைப் பத்த வைக்கிற மாப்ள?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “பல் விளக்குறதுக்கு முன்னாடி மாமா” என்றான்.

எந்த வழி யாருக்குச் சரி என்பதில் பாதியை இந்தப் பதில் தீர்த்துவிடும் என்று நான் நம்புகிறேன். ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்பதைத்தான் எல்லோரும் கேட்பார்கள். புகைப்பழக்கத்துக்குச் சிகிச்சை தருபவர்கள் காலையின் முதல் சிகரெட்டுக்கும் அதே அளவு முக்கியத்துவம் கொடுப்பார்கள். காரணம் எளிது. நிகோடினில் பாதி சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து போய்விடும். எட்டு மணி நேரம் தூங்கினால் நாலு முறை பாதியாகி, இரவில் இருந்ததில் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். கண் விழிக்கும்போது மூளை கிட்டத்தட்ட பட்டினி. அந்தப் பட்டினியைத் தாங்கிக்கொண்டு குளித்து, சாப்பிட்டு, பஸ் பிடித்து, பத்தரை மணி டீயோடு முதல் தம்மைப் பற்ற வைப்பவர் ஒரு ரகம். படுக்கையிலிருந்து எழும்போதே கை தீப்பெட்டியைத் தேடினால் அது வேறு ரகம். இரண்டு பேரும் ஒரு நாளைக்குப் பத்து சிகரெட்தான் பிடிக்கலாம். ஆனால் இருவருக்கும் ஒரே வழியைச் சொல்ல முடியாது.

தலைக்குள் நடப்பது

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் இதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். இது தெரியாமல்தான் நான் இரண்டு முறை தோற்றேன்.

புகையை இழுத்த பத்து இருபது விநாடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய்விடுகிறது. அங்கே அசிட்டைல்கோலின் என்ற நம் உடம்பின் சொந்த வேதிப்பொருளுக்காக இருக்கும் ஏற்பிகள் என்ற இருக்கைகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் ‘இது நல்லா இருக்கு, மறுபடி செய்’ என்று மூளைக்குச் சொல்லித் தரும் டோபமைன் சுரக்கிறது. ஒரு சிகரெட்டுக்குப் பத்து இழுப்பு என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 15 சிகரெட் பிடிப்பவர் மூளைக்கு 150 முறை இந்தப் பாடத்தை நடத்துகிறார். வருடத்துக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேல். வேறு எந்தப் பாடத்தையும் நாம் இத்தனை முறை படித்ததில்லை.

இப்படித் தொடர்ந்து நிகோடின் வரும்போது மூளை அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. வாய்கள் பெருகிவிட்ட வீட்டில் அரிசி வரவில்லை என்றால் என்ன ஆகும்? எரிச்சல், தூக்கமின்மை, கவனம் நிற்காமை, காரணமில்லாத கோபம், பசி. விட்ட இரண்டாம் மூன்றாம் நாள் இது உச்சத்தில் இருக்கும். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். பெருகிய ஏற்பிகள் புகைக்காதவர்களின் அளவுக்குத் திரும்ப ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகிறது. இது முதல் பிரச்சினை. நான் இதைப் பசி என்றே சொல்வேன்.

இரண்டாவது பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. 1990களில் சுவிட்சர்லாந்தின் ஃபிரிபோர் பல்கலைக்கழகத்தில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் டோபமைன் நரம்புச் செல்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். பழச்சாறு கிடைத்தபோது அந்தச் செல்கள் துடித்தன. சாறு வருவதற்கு முன் ஒரு விளக்கு எரிவதைக் குரங்கு பழகிக்கொண்ட பிறகு, துடிப்பு சாற்றிலிருந்து விளக்குக்கு நகர்ந்துவிட்டது. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், அந்த நேரத்தில் செல்களின் செயல்பாடு சாதாரண அளவுக்கும் கீழே இறங்கியது. டீக்கடை பாய்லரின் ஆவி, சாப்பிட்டு முடித்த இலை, மேனேஜர் அறையிலிருந்து வெளியே வரும் நிமிடம், பைக்கை நிறுத்தும் இடம் எல்லாம் நமக்கு அந்த விளக்குதான். விளக்கு எரிந்து சாறு வராதபோது உண்டாகும் அந்தச் சரிவைத்தான் நாம் “ஏதோ மாதிரி இருக்கு” என்கிறோம்.

அப்புறம் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஆன் கிரேபியல் எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகள். எலி ஒரு சந்துப்பாதையைப் புதிதாகக் கற்கும்போது மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி வழி நெடுக வேலை செய்தது. நன்றாகப் பழகிய பிறகு ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் துடித்தது. நடுவில் உள்ளதெல்லாம் ஒரே பொட்டலமாகக் கட்டப்பட்டுவிட்டது. டீ கிளாஸை இடது கையில் வாங்கியதும் வலது கை சட்டைப் பைக்குப் போவது இப்படித்தான். அந்த இடத்தில் ஆசை என்று ஒன்று எழுந்து நாம் அதற்கு இணங்குவதாகச் சொல்ல முடியாது. பொட்டலம் தானாகப் பிரிகிறது.

ஆக, பசி ஒன்று, பழக்கம் ஒன்று. நிகோடின் கம், தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை, மாத்திரை எல்லாம் பசிக்குப் பதில் சொல்பவை. டீக்கடையை மாற்றுவது, சாப்பிட்ட உடனே எழுந்து நடப்பது போன்றவை பழக்கத்துக்கு. ஒன்றைக் கவனித்து மற்றதை விட்டால் வழி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பாதியில் நின்றுவிடும்.

ஒரேயடியாக விடுவதும் குறைத்துக்கொண்டே வருவதும்

எங்கள் சித்தப்பா அரசுப் பேருந்து ஓட்டுநர். ஒரு பொங்கலன்று பாக்கெட்டைத் தூக்கி அடுப்பில் போட்டவர், அதற்கப்புறம் தொடவே இல்லை. எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். அவரைக் காட்டித்தான் நம்மைத் திட்டுவார்கள்: “அவருக்கு மனஉறுதி இருந்துச்சு, விட்டாரு.”

சித்தப்பா மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. ஆனால் எந்த உதவியும் இல்லாமல் தானாக விட முயல்பவர்களில், ஒரு முயற்சிக்கு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான் ஆறு மாதம், ஒரு வருடம் என்று தாக்குப்பிடிக்கிறார்கள். உலகத்தில் சிகரெட்டை விட்டவர்களில் பெரும்பாலோர் தானாக விட்டவர்கள் என்பதும் உண்மைதான். ஏனென்றால் முயன்றவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் முயன்றார்கள். ஜெயித்தவர் மட்டும் கல்யாண வீட்டில் கதை சொல்வார். அதே பொங்கலன்று விட்டு, மாட்டுப் பொங்கலன்று மறுபடி ஆரம்பித்தவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

சரி, அப்படியென்றால் குறைத்துக்கொண்டே வருவது மேலா? கேட்கும்போது அதுதான் நியாயமாகத் தோன்றும். நானும் முதலில் அதைத்தான் செய்தேன். 15 இருந்ததைப் பத்தாக்கினேன், ஆறாக்கினேன், நாலாக்கினேன். நாலில் நின்றுவிட்டது. அந்த நாலும் என் நாளின் நாலு தூண்களாகிவிட்டன. அடுத்தது எப்போது என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொன்றையும் பஞ்சு சுடும்வரை இழுப்பேன். இதற்கும் காரணம் இருக்கிறது. எண்ணிக்கை குறையும்போது, பழகிய நிகோடின் அளவை எடுக்க உடம்பு தானாக ஆழமாகவும் அடிக்கடியும் இழுக்கும். நான் சிகரெட்டைக் குறைத்தேன், நிகோடினை அவ்வளவாகக் குறைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு துக்க வீட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தபோது நாலு பன்னிரண்டாகி, அடுத்த வாரம் பழைய இடத்துக்கே வந்துவிட்டேன்.

இதை நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. இங்கிலாந்தில் 697 பேர். பாதிப் பேர் ஒரு குறிப்பிட்ட நாளில் முழுதாக நிறுத்தினார்கள். மீதிப் பேர் அந்த நாளுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து அதே நாளில் நிறுத்தினார்கள். நிகோடின் பட்டையும் செவிலியர் ஆலோசனையும் இரு பக்கத்துக்கும் உண்டு. நாலு வாரம் கழித்து ஒரேயடியாக விட்டவர்களில் 49 சதவீதம் பேர் விட்டபடியே இருந்தார்கள், குறைத்து விட்டவர்களில் 39.2. ஆறு மாதத்தில் ஒரேயடியாக விட்டவர்களில் 22 சதவீதம், குறைத்து விட்டவர்களில் 15.5. இதில் நான் முக்கியமாக நினைப்பது, குறைத்தவர்களுக்கும் கடைசி நாள் என்று ஒன்று குறிக்கப்பட்டிருந்தது என்பதுதான். நம்மில் “குறைச்சுக்கிட்டு வரேன்” என்று சொல்பவர்களிடம் அந்தத் தேதி இருக்காது. என்னிடமும் இல்லை.

அதனால் என் கருத்து இது: நாள் குறித்து, அந்த நாளில் முழுதாக விடுவது குறைப்பதைவிட நல்லது. ஆனால் வெறுங்கையோடு விட வேண்டியதில்லை. ஒரேயடியாக விடுவது என்றால் உதவியில்லாமல் விடுவது என்று நாமாகவே முடிவு செய்துகொள்கிறோம். சித்தப்பா கதையின் பாதிப்பு அது.

கம்மை மெல்லவே கூடாது

நிகோடின் கம் உருவானதற்குப் பின்னால் ஸ்வீடன் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்கள் இருக்கின்றன. கப்பலுக்குள் புகைக்க முடியாத மாலுமிகள் வாயில் அடக்கும் புகையிலைக்கு மாறிச் சமாளிப்பதைக் கவனித்தவர்கள் ஓவே ஃபெர்னோ என்ற மருந்து ஆய்வாளரிடம் சொன்னார்கள். புகையில்லாமல் நிகோடினை மட்டும் கொடுத்தால் என்ன என்ற யோசனை அங்கிருந்து வளர்ந்து, 1978இல் சுவிட்சர்லாந்தில் கம்முக்கு அனுமதி கிடைத்தது. புகையில் இருக்கும் தாரும் கார்பன் மோனாக்சைடும்தான் ஆளைக் கொல்பவை. நிகோடின் ஆளைக் கட்டி வைப்பது. இந்த இரண்டையும் பிரித்ததுதான் கம்மும் பட்டையும் செய்த பெரிய காரியம்.

நம் ஊரில் 2 மில்லிகிராம் கம் மருந்துக்கடையில் சீட்டில்லாமலே கிடைக்கும். 4 மில்லிகிராமுக்கு டாக்டர் சீட்டு வேண்டும். எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பிடிப்பவர்களுக்குப் பொதுவாக 4 மில்லிகிராம் பரிந்துரைக்கப்படுகிறது. என் மருமகன் மாதிரி ஆள் கடைக்குப் போய்ச் சும்மா கேட்டு 2 மில்லிகிராம் வாங்கினால், “இது வேலை செய்யல” என்று சொல்ல வாய்ப்பு அதிகம்.

என் இரண்டாவது முயற்சி கம்மில்தான் கெட்டது. பபுள்கம் மாதிரி வேகவேகமாக மென்றேன். தொண்டை எரிந்தது, விக்கல் வந்தது, வயிறு குமட்டியது. மூன்றாம் நாள் அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு சிகரெட்டுக்குத் திரும்பினேன். யாரும் சொல்லித் தராதது இதுதான்: கம்மில் உள்ள நிகோடின் கன்னத்தின் உள்தோல் வழியாக ரத்தத்துக்குப் போக வேண்டும். வேகமாக மென்றால் எச்சிலோடு வயிற்றுக்குள் போய்விடும். அங்கிருந்து உடம்பில் சேர்வதிலும் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும், உங்களுக்கு மிஞ்சுவது விக்கல்தான். மெதுவாகச் சில முறை கடிக்க வேண்டும். மிளகு கடித்த மாதிரி ஒரு சுருக்கென்ற காரம் வரும். வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் அடக்கி வைக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி கடித்து வேறு பக்கம் அடக்க வேண்டும். அரை மணி நேரம் இப்படி.

இன்னொன்று. கம்மை வாயில் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து காபி, ஜூஸ், குளிர்பானம் எதுவும் கூடாது. அவை வாயில் அமிலத்தன்மையை உண்டாக்குவதால் நிகோடின் தோல் வழியாகப் போவது குறைந்துவிடும். காபியோடு சிகரெட் பிடித்துப் பழகிய நான், சிகரெட்டுக்குப் பதில் அதே காபியோடு கம்மைப் போட்டேன். அந்த மூன்று நாளும் மருந்தை வீணடித்திருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

பட்டை என்பது தோலில் ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்திரி மாதிரி. 21, 14, 7 மில்லிகிராம் என்று இறங்குவரிசையில் வரும். நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக நிகோடின் கொடுக்கும். ஒட்டியவுடன் வேலை செய்யாது, ரத்தத்தில் அளவு ஏற ஓரிரண்டு மணி நேரமாவது ஆகும். திடீரென்று எழும் தவிப்புக்கு அதனிடம் பதில் இல்லை. கம்மால் அதைச் சமாளிக்கலாம், ஆனால் கம் அரை மணி நேரத்தோடு சரி. அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நல்ல பலன் தருகிறது. பட்டை அடித்தளத்தைத் தாங்க, கம் அலை வரும்போது கைகொடுக்கும். இது பல ஆய்வுகளில் உறுதியான விஷயம். ஆனால் கடைகளில் இதைச் சொல்லி விற்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மூன்றாவது முயற்சியில் எனக்கு உதவியது இந்தச் சேர்க்கைதான்.

“ஒரு போதைக்கு இன்னொரு போதையா?” என்று என் மனைவியே கேட்டாள். நியாயமான கேள்விதான். சிகரெட்டில் நிகோடின் விநாடிக் கணக்கில் மூளையை எட்டுகிறது. பட்டையில் மணிக்கணக்கில் ஏறுகிறது. அடிமைத்தனத்தை உண்டாக்குவதில் பொருளுக்கு எவ்வளவு பங்கோ, அது எட்டும் வேகத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு. கையில் ஒட்டிய பட்டையை மறந்துவிட்டுத் தூங்கியிருக்கிறேன். சிகரெட்டை ஒரு நாளும் மறந்ததில்லை.

பஸ் சீட்டில் துண்டு போடும் மாத்திரை

வரெனிக்ளின் என்ற மாத்திரையை நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. லேபர்னம் என்ற மரத்தின் விதையில் உள்ள சைட்டிசின் என்ற பொருளிலிருந்து வளர்த்தெடுக்கப்பட்டது. பல்கேரியாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் சைட்டிசினையே 1960களிலிருந்து சிகரெட்டை விடப் பயன்படுத்தி வருகிறார்கள்.

இது வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அது போல நிகோடின் உட்காரும் ஏற்பிகளில் முன்பே போய் இடம் பிடித்துக்கொள்கிறது. சும்மா இருப்பதும் இல்லை. ஏற்பியை ஓரளவு தூண்டுகிறது, அதனால் பசி தணிகிறது. நடுவில் ஆசைப்பட்டு ஒரு சிகரெட் பிடித்தாலும் நிகோடினுக்கு உட்கார இடமில்லை. பழைய சுகம் கிடைப்பதில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராத நிலையைத் திரும்பத் திரும்ப உண்டாக்கி, மூளைக்குப் பழைய பாடத்தை மறக்கச் சொல்லித் தருகிறது என்றும் இதைப் பார்க்கலாம்.

16 நாடுகளில் 8,144 பேரை வைத்து நடந்த மிகப் பெரிய ஆய்வொன்று 2016இல் வெளியானது. எல்லோருக்கும் ஆலோசனை உண்டு. ஒன்பதாவது வாரம் முதல் 24ஆவது வாரம் வரை விடாமல் தாக்குப்பிடித்தவர்கள்: வரெனிக்ளின் எடுத்தவர்களில் 21.8 சதவீதம், புப்ரோபியான் என்ற வேறொரு மாத்திரையில் 16.2, பட்டை மட்டும் ஒட்டியவர்களில் 15.7, மருந்தில்லாத வெறும் மாத்திரையில் 9.4. வரெனிக்ளின் மனநிலையைக் கெடுக்கும், தற்கொலை எண்ணத்தைத் தூண்டும் என்று முன்பு ஒரு பயம் இருந்தது. அதைச் சோதிக்கத்தான் இந்த ஆய்வே நடத்தப்பட்டது. மனநலச் சிக்கல் உள்ளவர்கள், இல்லாதவர்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்தும், பட்டையோடும் வெறும் மாத்திரையோடும் ஒப்பிடும்போது அப்படிப்பட்ட பாதிப்பு குறிப்பிடும்படி அதிகமாக இல்லை.

தொல்லை இல்லாத மருந்து இல்லை. குமட்டல் பலருக்கு வரும், சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு எடுத்தால் குறையும். விசித்திரமான கனவுகளும் வரும். சிறுநீரகக் கோளாறு கடுமையாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோபியான் கூடாது. அதனால் டாக்டரைப் பார்க்காமல் இரண்டையும் தொடக்கூடாது. வரெனிக்ளினை விடும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே ஆரம்பித்து, வழக்கமாக 12 வாரம் எடுக்க வேண்டும். நம் டாக்டர்கள் சிலர் “மனசு வெச்சா விடலாம்” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். நீங்களே பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மின்சிகரெட் பற்றியும் மருமகன் கேட்டான். இங்கிலாந்தில் 886 பேரை வைத்து நடந்து 2019இல் வெளியான ஆய்வில், ஒரு வருடம் கழித்துச் சிகரெட்டை விட்டிருந்தவர்கள் மின்சிகரெட் குழுவில் 18 சதவீதம், கம், பட்டை போன்றவற்றைப் பயன்படுத்திய குழுவில் 9.9. ஆனால் அப்படி விட்டவர்களில் 80 சதவீதம் பேர் அந்த வருட முடிவிலும் மின்சிகரெட்டை விட்டிருக்கவில்லை. இந்தியாவில் அதே 2019 முதல் அதன் விற்பனையே தடை செய்யப்பட்டிருக்கிறது. திருட்டுத்தனமாக வருவதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நமக்கு அது ஒரு வழியே இல்லை.

மனஉறுதி மட்டும் என்ன செய்யும்

1998இல் ராய் பாமைஸ்டர் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் செய்த ஆய்வு உலகப் புகழ் பெற்றது. பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டே முள்ளங்கியைத் தின்னச் சொல்லப்பட்டவர்கள், அடுத்து வந்த கடினமான புதிரைச் சீக்கிரமே கைவிட்டார்கள். மனஉறுதி பேட்டரி போலத் தீர்ந்துபோகும் என்ற கருத்து அதிலிருந்து பரவியது. 2016இல் வெளியான ஆய்வில் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் அந்தக் கருத்தைச் சோதித்தபோது, விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம். அன்றாட ஆசைகளைப் பின்தொடர்ந்த வேறு ஆய்வுகளில் தெரிந்தது இன்னும் உதவியானது: சுயகட்டுப்பாடு அதிகம் உள்ளவர்கள் ஆசையோடு அதிகம் மல்லுக்கட்டுவதில்லை. ஆசை எழும் சூழலில் அவர்கள் குறைவாகவே மாட்டிக்கொள்கிறார்கள்.

வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். 1971இல் ஊர் திரும்பியவர்களைச் செயின்ட் லூயிஸ் நகரின் லீ ராபின்ஸ் பின்தொடர்ந்தார். அடிமையாகியிருந்தவர்களில் முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். இதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. இடம் மாறியது அதில் பெரியது. ஆனால் அவர்கள் விமானம் ஏறி அந்த இடத்தை விட்டு வந்தார்கள். நாம் புகைத்த ஊரிலேயே, புகைத்த நண்பர்களோடு, புகைத்த டீக்கடை வழியாகத்தான் தினமும் போக வேண்டியிருக்கிறது.

அதனால் சின்னச் சின்ன இடமாற்றமாவது செய்ய வேண்டும். நான் ஆறு வாரத்துக்கு டீக்கடையை மாற்றினேன். பெட்டிக்கடை இல்லாத தெரு வழியாகச் சுற்றிப் போனேன். சாப்பிட்ட உடனே உட்காராமல், தட்டைக் கழுவ எழுந்தேன். தவிப்பு வந்தால் அது சில நிமிடத்தில் தணியும் என்று தெரிந்து வைத்திருந்ததே பெரிய துணை. அந்த நிமிடங்களில் மாடிப்படி ஏறி இறங்கினேன், நடந்தால் தவிப்பு குறைகிறது என்பது ஆய்விலும் தெரிந்த விஷயம்தான். பழக்கம் மாற 21 நாள் என்று எல்லோரும் சொல்வார்கள். லண்டனில் 96 பேரை வைத்து ஃபிலிப்பா லாலி செய்த ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கத் தொடங்கச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசப்பட்டது. 22ஆம் நாள் இன்னும் தவிக்கிறதே என்று மனம் விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். சிகரெட் புகையில் உள்ள சில பொருட்கள், காஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை வேகப்படுத்துகின்றன. புகையை விட்டதும் அந்த வேகம் குறையும். அதே அளவு காபி குடித்தாலும் ரத்தத்தில் காஃபீன் கூடுதலாகத் தங்கும். படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் சிகரெட் இல்லாததால் என்று நினைத்துக்கொண்டிருப்போம், பாதி காபியின் வேலையாக இருக்கும். விடும் நாளிலிருந்து காபி, டீயைப் பாதியாக்குங்கள்.

ஆக, என்னைக் கேட்டால்: காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சும்மா இருக்க முடிகிறவர், ஒரு நாளைக்கு ஐந்தாறு பிடிப்பவர், தேதி குறித்து ஒரேயடியாக விட்டு, இடங்களை மாற்றி, கையில் 2 மில்லிகிராம் கம் வைத்துக்கொள்ளலாம். எழுந்தவுடன் பிடிப்பவர் டாக்டரிடம் போய் வரெனிக்ளின், அல்லது பட்டையும் கம்மும் சேர்த்து. முன்பு பட்டையும் கம்மும் சரியாகப் பயன்படுத்தியும் தோற்றவர் வரெனிக்ளினுக்குப் போவது நல்லது. கர்ப்பிணிகளும் இதய நோய் உள்ளவர்களும் எதையும் டாக்டரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். யாராக இருந்தாலும் 1800-11-2356 என்ற இலவச எண்ணை அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள். சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும் எண்தான் அது. நான் 17 வருடம் புகைத்ததில் கடைசி வருடம்கூட அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததில்லை.

மருமகனுக்கு 31 வயது. பிரிட்டிஷ் டாக்டர்களை 1951 முதல் அரை நூற்றாண்டு பின்தொடர்ந்த ரிச்சர்ட் டாலின் ஆய்வு, முப்பதில் விடுபவர் சுமார் பத்து வருட ஆயுளைக் காப்பாற்றிக்கொள்கிறார் என்கிறது. நாற்பதில் ஒன்பது, ஐம்பதில் ஆறு, அறுபதில் மூன்று. இதை நான் அவனிடம் சொன்னபோது “தாத்தாவுக்கும் சொல்லுங்க மாமா” என்றான். அப்பாவுக்கு 68. பீடி. அவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவன் டாக்டரைப் பார்த்துவிட்டான். பட்டையும் 4 மில்லிகிராம் கம்மும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அடுத்த மாதம் முதல் புதன்கிழமை என்று தேதி குறித்திருக்கிறான். எழுந்ததும் ஒட்டும் பட்டை வேலை செய்ய நேரமாகும் என்பதால், முதல் கம்மைப் பல் விளக்கும் பிரஷ்ஷோடு சேர்த்து வைக்கச் சொன்னேன். பேஸ்ட் காரம் போக வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டுப் போட வேண்டும், காபி அரை மணி நேரம் கழித்து. அன்று காலை ஐந்தே முக்காலுக்கு நான் போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறேன்.